புதிய அபுனைவு நூலுக்கு ஏற்ற வாசகரைப் பிடிப்பது எப்படி

"புதுசா என்ன வந்திருக்கு? கதை வேண்டாம்" என்று நூலகத்தில் உங்கள் முன் ஒருவர் வந்து நின்றால், "எந்தத் துறையில் வேண்டும்?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அலமாரியில்தான் நூல்கள் துறைவாரியாக நிற்கின்றன. வாசகரின் ருசி அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. நூலகங்கள் துறைக்கு ஓர் எண் கொடுத்து நூல்களை அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் மலையேற்றம் 796இல் விளையாட்டுகளோடு இருக்கும், கடற்பயணம் 910இல், கொள்ளைநோயோடு மல்லுக்கட்டிய மருத்துவர்களின் வரலாறு 614இல். ஆபத்தில் சிக்கிய மனிதர்கள் மீண்டு வருவதை விரும்பிப் படிப்பவருக்கு மூன்றுமே பிடிக்கக்கூடும்.

அதனால், "கடைசியாக முழுசும் படித்து முடித்த புத்தகம் எது, அதில் எது பிடித்தது?" என்று கேட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள். மனிதர்களைப் பற்றிப் பேசுகிறாரா, இடத்தைப் பற்றியா, புதிதாகத் தெரிந்துகொண்ட செய்தியையா, ஆசிரியரின் வாதத்தையா? பரிந்துரைக்க வேண்டிய நூல் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

வரும் எல்லா நூலையும் படிக்க யாராலும் முடியாது. ஒரு நூலுக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் பதிப்புரிமைப் பக்கம்: புது அட்டை போட்ட மறுபதிப்பா, மொழிபெயர்ப்பென்றால் மூலம் எந்த ஆண்டு வந்தது என்று பாருங்கள். அடுத்து பொருளடக்கம், முன்னுரையின் முதல் இரண்டு பக்கம், நடுவில் ஏதாவது ஐந்து பக்கம். நடுப்பக்கத்தை விட்டுவிடக் கூடாது; முன்னுரையில் துள்ளி ஓடும் நடை 100ஆம் பக்கத்தில் பாடப்புத்தகமாக இறுகிவிடுவது உண்டு. கடைசியில் மேற்கோள் குறிப்புகளும் சொல்லடைவும் (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) இருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு குறிப்பு அட்டையில் டூயி எண்ணோடு எழுதி வையுங்கள். பறவைகளின் வலசை பற்றிய நூலென்றால் இப்படி:

"598. 240 பக்கம், சின்னச் சின்ன அத்தியாயங்கள். அறிவியல்தான், ஆனால் பயணக்கதை போல ஓடுகிறது. படங்கள் குறைவு, எழுத்து பொடி. 3ஆம் அத்தியாயத்தைத் தனியாகவும் படிக்கலாம். பயணநூல் பிரியர்களுக்கு."

கடைசி வரிதான் முக்கியம். பறவை என்று நூலின் மேலட்டையில் இருப்பதாலேயே பறவை ஆர்வலருக்கு இதைக் கொடுத்தால், இனங்காண உதவும் படங்களைத் தேடி அவர் ஏமாந்து போவார். பொடி எழுத்து என்ற குறிப்பு வயதானவர்களுக்கு உதவும்.

ஒருவரிடம் மூன்று நூலுக்கு மேல் நீட்டாதீர்கள். பத்தைக் குவித்தால் குழம்பிப்போய் வெறுங்கையோடு கிளம்புவார். ஒன்று அவர் ருசிக்கு நெருக்கமானது, இன்னொன்று அதே நடையில் வேறு துறை, மூன்றாவது அவர் எதிர்பார்க்காதது. "அருமையான புத்தகம்" என்பது யாருக்கும் எதையும் சொல்லாது. குறித்துவைத்த பக்கத்தைத் திறந்து கையில் கொடுங்கள். புதுப் படி இரவலில் போயிருந்தால் முன்பதிவு போட்டுவிட்டு, அதே வகையில் பழைய நூல் ஒன்றை அப்போதே கொடுத்தனுப்புங்கள்.

மருத்துவம், சட்டம், பணம் பற்றிய நூல்களுக்கு மட்டும் வழி வேறு. வெளியான ஆண்டையும் எழுதியவரின் தகுதியையும் சொல்லுங்கள், "இதன்படி செய்யுங்கள்" என்று சொல்லாதீர்கள். ஒரு நோயைப் பற்றிக் கேட்பவரிடம் யாருக்கு என்று விசாரிக்கவே கூடாது; குரலைத் தாழ்த்தி, நூல் இருக்கும் தட்டுவரை கூட நடந்து செல்லுங்கள்.

நூல் திரும்பி வரும்போது "நல்லா இருந்ததா?" என்றால் "ம், நல்லா இருந்தது" என்ற மரியாதைப் பதில்தான் வரும். "எதுவரை படித்தீர்கள்?" என்று கேளுங்கள். 60ஆம் பக்கத்தில் இரண்டு பேர் நிறுத்தியிருந்தால், அதை அந்த நூலின் குறிப்பு அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.