ஈ-ஸ்போர்ட்ஸா, மைதானமா? பார்வையாளர் கணக்கை ஒப்பிடும் முறை

“கால்பந்தையே மிஞ்சிவிட்டது” என்று ஈ-ஸ்போர்ட்ஸ், அதாவது வீடியோ கேம் போட்டிகள், பற்றி ஒரு எண் கண்ணில் பட்டால், அது எந்த வகை எண் என்று முதலில் பாருங்கள். உச்சம் என்பது ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது. மொத்தப் பார்வையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவரும் அடக்கம். ஒப்பிட லாயக்கானது நிமிடச் சராசரிதான்.

எல்லோரும் பார்த்த நிமிடங்களைக் கூட்டி, ஒளிபரப்பின் நீளத்தால் வகுங்கள். 10 லட்சம் பேர் ஆளுக்கு 12 நிமிடம் பார்த்து, ஒளிபரப்பு 120 நிமிடம் ஓடியிருந்தால் சராசரி 1 லட்சம். விளம்பரத்தில் மட்டும் 10 லட்சம் என்றே வரும்!

அடுத்து, பதரைப் புடைத்தெடுங்கள். பார்ப்பவர்களுக்கு விளையாட்டுக்குள் பரிசுப்பொருள் உண்டு என்றால், ஒலியை அணைத்துவிட்டு பிரவுசர் டேபை மட்டும் திறந்து வைத்தவர்களும் கணக்கில் ஏறிவிடுவார்கள். சீனத் தளங்கள் சில காட்டுவது ஆள் எண்ணிக்கையே அல்ல, பிரபலக் குறியீடு, அதாவது தளமே போடும் ஒரு மதிப்பெண். அதைக் கூட்டவே கூடாது.

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற வீடியோ கேமின் 2024 உலக இறுதிப்போட்டியின் உச்சம், சீனத் தளங்கள் நீங்கலாக, சுமார் 69 லட்சம். அதே ஆண்டு சூப்பர் பவுலின் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி) சராசரி, அமெரிக்காவில் மட்டும், 12 கோடிக்கு மேல். உச்சத்தைச் சராசரியோடு வைப்பது ஈ-ஸ்போர்ட்ஸுக்குச் சாதகமான ஒப்பீடு, அப்படியும் எட்டவில்லை.

எண்ணில் தெரியாத ஒன்றும் உண்டு. கால்பந்து எந்த நிறுவனத்தின் சொத்தும் அல்ல; வீடியோ கேம் அப்படியில்லை, தயாரித்தவர் சர்வரை மூடினால் போட்டியும் போச்சு. ஓவர்வாட்ச் கேமைத் தயாரித்தவரே நடத்திய ஓவர்வாட்ச் லீக் 2023 சீசனோடு நின்றது. அதனால் ஒரு கேமின் ஓராண்டு வளர்ச்சியை நம்பாதீர்கள், குறைந்தது 5 சீசன்களின் சராசரியை வரிசையாக எழுதிப் பாருங்கள்.