நானூறு வண்டி, ஒரு வாசல்: வருடாந்திர வாகனப் பேரணி நடத்துவது எப்படி?

புதிதாகப் பேரணி நடத்த வரும் குழுக்கள் பெரும்பாலும் கோப்பை, டி-சர்ட், மேடை என்றுதான் பேச்சைத் தொடங்கும். அதெல்லாம் கடைசி மாதத்தில் முடித்துவிடக்கூடிய வேலை. நானூறு வண்டி எப்படி உள்ளே வரும், எங்கே நிற்கும், எப்படி வெளியே போகும் என்ற மூன்றுக்கும் முதலில் விடை வேண்டும். பழைய வண்டிகள் அதிகம் வரும் கூட்டத்தில் இது இன்னும் முக்கியம். காற்றில் குளிரும் எஞ்சினும் வயதான ரேடியேட்டரும் தேய்ந்த கிளட்சும் அரை மணி நேரம் ஊர்ந்து நகரும் வரிசையைத் தாங்காது. வாசலில் நெரிசல் வந்தால் நாலு வண்டி அங்கேயே கொதித்து நின்றுவிடும், பின்னால் வருவதையும் மறித்துக்கொள்ளும்.

கீழே உள்ள கணக்குகள் 400 கார் வரும் ஒரு நாள் நிகழ்வுக்கானவை. உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

படி 1: வகையையும் தேதியையும் முடிவு செய்யுங்கள் (12 மாதம் முன்)

பேரணியில் மூன்று வகை உண்டு. எல்லோரும் ஓரிடத்தில் கூடி வண்டிகளை நிறுத்திவைப்பது ஒன்று. எல்லோரும் ஒரே பாதையில் ஓட்டிப் போவது இன்னொன்று. பல ஊர்களிலிருந்து கிளம்பி ஓரிடத்தில் வந்து சேர்வது மூன்றாவது. 1911-இல் நடந்த முதல் மான்டே கார்லோ ராலி இந்த மூன்றாம் வகைதான். முதல் ஆண்டுக்கு முதல் வகையை எடுத்து, விரும்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு சிறிய ஓட்டத்தைச் சேர்ப்பது நல்லது. மூன்றையும் ஒரே ஆண்டில் முயல வேண்டாம்.

தேதியை "நவம்பர் 8" என்று குறிக்காமல் "நவம்பர் முதல் ஞாயிறு" என்று குறியுங்கள். லண்டன் - பிரைட்டன் பழங்கால கார் ஓட்டம் அப்படித்தான் நடக்கிறது. அடுத்த ஆண்டின் தேதியை யாரும் கேட்காமலே தெரிந்துகொள்வார்கள், விடுமுறையை முன்கூட்டியே ஒதுக்குவார்கள்.

எந்த வண்டிக்கு அனுமதி என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். பழைய வண்டிகளுக்கு மட்டும் என்றால் வயது வரம்பு வேண்டும். பன்னாட்டுப் பழங்கால வாகனக் கூட்டமைப்பான ஃபிவா 30 வயதை வரம்பாக வைத்திருக்கிறது. சொந்தமாக ஒரு வரம்பைக் கண்டுபிடித்து, அதற்காக வருகிறவர்களோடெல்லாம் வாதாடுவதைவிட அதையே எடுத்துக்கொள்வது எளிது.

படி 2: இடத்தை அளந்து பாருங்கள்

"பெரிய மைதானம்" என்ற சொல்லை நம்பாதீர்கள். டேப்பையோ செயற்கைக்கோள் வரைபடத்தின் அளவுகோலையோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

சாதாரண பார்க்கிங்கில் ஒரு காருக்கு, வழியையும் சேர்த்து, 25 சதுர மீட்டர் வேண்டும். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர் என்பதால் 160 கார் நிற்கும் என்று கணக்கு சொல்லும். மூலை, மரம், மேடு பள்ளம், அவசர வழி எல்லாம் போக 120 என்று எடுத்துக்கொள்ளுங்கள். காட்சிக்கு நிறுத்தும் கார்களுக்கு இது போதாது. கதவும் பானெட்டும் திறந்திருக்கும், சுற்றிலும் ஆட்கள் நடப்பார்கள். ஒரு காருக்கு 40 சதுர மீட்டர் ஒதுக்கினால் ஏக்கருக்கு 100 கார்தான். ஆக 400 காட்சி வண்டிக்கே 4 ஏக்கர் போய்விடும். பார்வையாளர் பார்க்கிங் அதற்குமேல் தனி. பைக்குகளுக்குத் தலா 5 சதுர மீட்டர் வையுங்கள்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை:

- வாசல் அகலம். எதிரெதிரே இரண்டு வண்டி போக 6 மீட்டர் வேண்டும். அதற்குக் குறைவு என்றால் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என இரண்டு வாசல் தேவை.
- நிலம் எவ்வளவு இறுகியிருக்கிறது. மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய் நடந்து பாருங்கள். வறண்ட நாளில் எல்லா மைதானமும் நல்ல மைதானம்தான்.
- தலைக்கு மேலே போகும் மின்கம்பி, தாழ்ந்த கிளை. டிரக்கும் கேம்பர் வேனும் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வேன்) வரும்.
- ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் எந்த மூலைக்கும் போக 4 மீட்டர் அகலத்தில், நடுவில் முட்டாத ஒரு சுற்று வழி. இதை முதலில் வரைந்துவிட்டு மிச்சமுள்ள இடத்தில்தான் வண்டிகளை நிறுத்த வேண்டும். கடைசியில் வரைந்தால் அங்கே ஏற்கெனவே யாராவது கடை போட்டிருப்பார்கள்.

படி 3: அனுமதி, காப்பீடு

காவல்துறை, உள்ளாட்சி, தீயணைப்பு, நில உரிமையாளர் ஆகிய நால்வரிடமும் 6 மாதம் முன்பே எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் அளவிட்ட வரைபடம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, பாதை, பொறுப்பாளர் பெயர் இருக்கட்டும். பொதுமக்களுக்கு ஏற்படும் காயம், சேதத்துக்கு நிகழ்வின் பெயரில் தனிக் காப்பீடு எடுங்கள்.

பலர் தவறவிடும் ஒன்று: சாதாரண வாகனக் காப்பீடுகள் பொதுவாகப் பந்தயத்தையும் வேகப் போட்டியையும் ஏற்பதில்லை. உங்கள் ஓட்டத்தில் "முதலில் வருபவருக்குப் பரிசு" என்று ஒரு வரி இருந்தாலே, விபத்து நடந்தால் பங்கேற்பாளரின் காப்பீடு கைவிரித்துவிடக்கூடும். விளம்பரம், விதித்தாள், மைக் அறிவிப்பு எதிலும் வேகத்துக்குப் பரிசு என்ற பேச்சே வேண்டாம்.

படி 4: பணக் கணக்கு

செலவை இரண்டாகப் பிரியுங்கள். எத்தனை பேர் வந்தாலும் மாறாதது: இட வாடகை, காப்பீடு, ஜெனரேட்டர், கழிப்பறை. ஆளுக்கு ஆள் ஏறுவது: உணவு, பேரணி எண் பலகை, நினைவுப் பொருள். கட்டணத்திலிருந்து ஆளுக்கான செலவைக் கழித்து, வரும் தொகையால் மாறாத செலவை வகுத்தால் கைக்காசு போகாமல் தப்பிக்க எத்தனை பேர் வேண்டும் என்று தெரியும். மாறாத செலவு 90,000, கட்டணம் 450, ஆளுக்கான செலவு 150 என்றால் 300 பேர் வேண்டும். நீங்கள் உறுதியாக எதிர்பார்ப்பது 250 பேர்தான் என்றால் கட்டணத்தை 510 ஆக்குங்கள், அல்லது செலவை வெட்டுங்கள். "ஸ்பான்சர் கிடைப்பார்" என்பதை வரவில் எழுதாதீர்கள், பணம் வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம். மொத்தச் செலவில் 15 சதவீதம் எதிர்பாராததற்கு ஒதுக்குங்கள். மழை பெய்தால் அது முழுக்கச் சேற்றில் விரிக்கும் தரைப்பலகைக்கும் சிக்கிய வண்டியை இழுக்கும் டிராக்டருக்கும் போய்விடும்.

படி 5: பதிவும் வாசலும்

எந்தப் பேரணியும் சிக்குவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

400 வண்டியில் பாதி முதல் ஒரு மணி நேரத்தில் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் படிவம் நிரப்பிப் பணம் வாங்கினால் ஒரு வண்டிக்கு ஒன்றரை நிமிடம், அதாவது ஒரு வரிசையில் மணிக்கு 40 வண்டி. மீதி 160 வண்டி சாலையில். வண்டிக்கு 7 மீட்டர் என்றால் 1 கிலோமீட்டருக்கு மேல் வரிசை. அங்கே காவல்துறையும் வந்துவிடும்.

முன்பதிவு செய்து, பணம் கட்டி, பெரிய எழுத்தில் எண் அச்சிட்ட தாளைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு 20 விநாடி போதும். மணிக்கு 180. இரண்டு வரிசை போட்டால் அதே 200 வண்டி சிரமமில்லாமல் உள்ளே போய்விடும். ஆகவே:

பதிவை 5 மாதம் முன்பு திறந்து, 3 வாரம் முன்பு மூடுங்கள். நேரில் வந்து பதிவு செய்வோருக்குக் கட்டணம் கூடுதலாக இருக்கட்டும். அவர்களுக்கான மேசை வாசலில் இல்லாமல் உள்ளே ஓர் ஓரத்தில், தனிப் பார்க்கிங்கோடு இருக்க வேண்டும். தாள் சரிபார்க்கும் இடத்தையும் சாலையிலிருந்து குறைந்தது 150 மீட்டர் உள்ளே தள்ளுங்கள். வரிசை வளர்ந்தாலும் உங்கள் நிலத்துக்குள்ளேயே வளரும்.

பதிவுப் படிவத்தில் பெயர், தொலைபேசி, அவசரத் தொடர்பு, வண்டி எண், தயாரிப்பு, மாடல், ஆண்டு, உரிமம், காப்பீடு ஆகியவற்றோடு டிரெய்லரையும் சேர்த்த மொத்த நீளத்தையும் கேளுங்கள். கேட்காமல் விட்டால் 12 மீட்டர் நீளத்தில் ஒன்று வந்து கார் வரிசையில் திரும்ப முடியாமல் நிற்கும். குழுவாக வருபவர்களுக்குக் குழுப் பெயருக்கு ஒரு கட்டம் வையுங்கள். நண்பர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தத்தான் கேட்பார்கள். முன்பே தெரிந்தால் வரிசையாக எண் கொடுத்துவிடலாம்.

படி 6: பாதை

கலவையான வண்டிகளுக்கு ஒரு நாளில் 100 முதல் 150 கிலோமீட்டர் போதும். சந்திப்புகள், ஊர்ப்பகுதிகள் சேர்த்துச் சராசரி 40 கிலோமீட்டர் வேகம் என்று கணக்கிடுங்கள். பாதையை மூன்று முறை ஓட்டிப் பாருங்கள்: வரையும்போது ஒருமுறை, ஒரு மாதம் முன்பு அதே கிழமையில் அதே நேரத்தில் ஒருமுறை, முந்தின நாள் ஒருமுறை. சாலை வெட்டியிருப்பது மூன்றாம் முறையில்தான் தெரியவரும்.

எல்லோரும் ஒரே கான்வாயாகப் போக வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 விநாடி இடைவெளி என்பது 33 மீட்டர். காரின் நீளத்தையும் சேர்த்தால் 38. 15 கார் கொண்ட குழுவே அரை கிலோமீட்டரைத் தாண்டும், 100 கார் என்றால் 3.8 கிலோமீட்டர். முதல் சிக்னலிலேயே அறுந்துவிடும். அறுந்ததை ஒட்டவைக்கப் பின்னால் இருப்பவர்கள் வேகமெடுப்பார்கள், விபத்து அங்கேதான் நடக்கும். 15 வண்டிக்கு ஒரு குழு, குழுக்களுக்கு இடையே 5 நிமிடம் என்று விடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் இருக்க வேண்டும்.

பைக்குகளுக்கு ஒரு நல்ல முறை உண்டு. திருப்பம் வரும்போது தலைவருக்கு அடுத்துப் போகிறவர் பாதுகாப்பான இடத்தில் நின்று வழி காட்டுவார். கடைசி ஆள் வரும்வரை நின்று, அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். சலித்துப்போய் முன்பே கிளம்பிவிட்டால் இந்த முறை குலைந்துவிடும். அதனால் கடைசி ஆள் மட்டும் வேறு யாரும் அணியாத நிறத்தில் ஜாக்கெட் போட்டிருக்கட்டும். நிற்க இடமில்லாத விரைவுச் சாலைகளில் இதைச் செய்யவே கூடாது.

கார்களுக்கு அச்சிட்ட வழிப்புத்தகம் கொடுங்கள். மொத்த தூரம், முந்தைய திருப்பத்திலிருந்து தூரம், சந்திப்பின் சிறு படம் என மூன்று பத்திகள். டயர் அளவு மாறினால் ஓடோமீட்டரும் மாறும் என்பதால், தொடக்கத்தில் 5 கிலோமீட்டர் சரிபார்ப்பு தூரம் வைத்து, இடையிடையே எல்லோருக்கும் தெரியும் ஓர் அடையாளத்தில் எண்ணைப் புதிதாகத் தொடங்குங்கள்.

பெட்ரோலுக்கும் ஒரு கணக்கு. வண்டிக்கு 4 நிமிடம், 6 குழாய் என்றால் மணிக்கு 90 வண்டிதான் நிரப்ப முடியும். 200 வண்டியை ஒரே பங்கில் நிறுத்தினால் இரண்டு மணி நேரம் போச்சு. தொட்டியை நிரப்பிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நடுவில் நிரப்புவதைச் சிறிய தொட்டி உள்ள பைக்குகளுக்கு மட்டும் வையுங்கள், பங்க்குக்கு முன்பே தகவல் சொல்லிவிடுங்கள்.

படி 7: தரையில் உள்ள வசதிகள்

கழிப்பறைக்குப் பரவலாகப் பயன்படும் கணக்கு: பெண்கள் 100 பேருக்கு ஒன்று, ஆண்கள் 500 பேருக்கு ஒன்று, அதோடு ஆண்கள் 150 பேருக்கு ஒரு சிறுநீர்க் கோப்பை. வாகன நிகழ்வு என்றால் ஆண்கள்தான் வருவார்கள் என்று நினைத்துப் பெண்களுக்குக் குறைத்துவிடுவது வழக்கமான தவறு. குடும்பத்தோடுதான் வருகிறார்கள். ஐந்து கழிப்பறைக்கு ஒரு கை கழுவும் இடம் வேண்டும்.

மின்சாரத்துக்கு ஒவ்வொரு கடைக்காரரிடமும் கருவிப் பட்டியல் வாங்கிக் கூட்டுங்கள். ஒரு மின் கெட்டிலே 2 முதல் 3 கிலோவாட் இழுக்கும். 20 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் அளவு) ஜெனரேட்டர் என்பது சுமார் 16 கிலோவாட், அதில் 12-க்கு மேல் ஏற்றாதீர்கள். தேவைக்கு மிகப் பெரியதை எடுப்பதும் சரியில்லை. குறைந்த சுமையில் நீண்ட நேரம் ஓடும் டீசல் எஞ்சினில் எரியாத எண்ணெய் புகைக்குழாயில் தேங்கும்.

தீ விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஓடிவந்த வண்டியின் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்த அடியில் இருக்கும், கடுமையாகச் சூடாகும் பாகம்) காய்ந்த உயரமான புல்லைப் பற்றவைக்கும். புல்லை ஒட்ட வெட்டி, வெட்டியதை அள்ளிவிடுங்கள். எங்கிருந்தும் 30 மீட்டருக்குள் 6 கிலோ உலர் பவுடர் அணைப்பான் ஒன்று இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று மார்ஷல்களுக்கு, அதாவது வண்டிகளையும் கூட்டத்தையும் ஒழுங்குபடுத்தும் ஆட்களுக்கு, சொல்லிவையுங்கள், பதற்றத்தில் கை வாளியைத்தான் தேடும். இரவு தங்கும் வேன்களுக்கு இடையே 6 மீட்டர் விடுங்கள்.

சிறிய பொருள்கள் இரண்டு. பைக் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க உள்ளங்கை அளவு பிளைவுட் துண்டுகள். ஈர மண்ணில் மட்டுமல்ல, வெயிலில் இளகிய தாரிலும் ஸ்டாண்டு இறங்கும், ஒரு பைக் சாய்ந்தால் வரிசையே சாயும். பழைய எஞ்சின்களுக்கு அடியில் வைக்க அட்டையும், சிந்திய எண்ணெயை உறிஞ்ச ஒரு மூட்டை மரத்தூளும்.

படி 8: ஆட்கள்

மார்ஷலுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் ஒரே வேலை கொடுக்காதீர்கள். வாசல், வரிசை முனை, அவசர வழி, கட்டுப்பாட்டு மேசை என ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அட்டை: என்ன செய்ய வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், வரைபடத்தில் எந்தக் கட்டம். கூட்டம் கூடினால் செல்போன் சிக்னல் படுத்துவிடும், எனவே வாக்கி டாக்கி எடுங்கள். ஒரு சேனல் பார்க்கிங்குக்கு, ஒன்று அவசரத்துக்கு. ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் இடத்தைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஷிஃப்ட் மாறினாலும் "வடக்கு வாசல்" மாறாது.

காட்சி வண்டிகளைப் பார்த்துப் பரிசுக்குத் தேர்ந்தெடுக்க நடுவர்கள் மூன்று பேர் போதும். மதியத்துக்குள் மதிப்பெண் தாள்களை வாங்கிவிடுங்கள். இதற்குமேல் இதில் மூளையைச் செலவழிக்க வேண்டாம்.

படி 9: மழையும் வெளியேற்றமும்

சேறு முதலில் வருவது வாசலில்தான். எல்லாச் சக்கரமும் அதே இடத்தில்தான் திரும்புகிறது. தரைப்பலகை 20 மீட்டருக்குத்தான் கிடைக்கும் என்றால் முழுவதையும் அங்கேயே போடுங்கள். இழுக்க ஒரு டிராக்டரும் மென்மையான பட்டையும் தயாராக இருக்கட்டும். பழைய காரில் எங்கே மாட்டுவது என்று உரிமையாளரைக் கேட்காமல் மாட்டக்கூடாது, பம்பர் கையோடு வந்துவிடும். நடத்துவதா, தள்ளிவைப்பதா என்பதை 72 மணி நேரம் முன்பு யார் முடிவு செய்வார் என்று ஒருவர் பெயரைக் குறித்துவையுங்கள். குழுவாகக் கூடி முடிவெடுக்கலாம் என்றால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

பரிசளிப்பு முடிந்த அடுத்த நிமிடம் எல்லோரும் சாவியைத் திருகுவார்கள். பரிசளிப்பைக் கடைசி நிகழ்ச்சியாக வைக்காமல் முடிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வைத்தால் கூட்டம் தானாகப் பிரியும். வெளியேறும் வாசலில், எதிரே வரும் போக்குவரத்தைக் குறுக்கே வெட்டாத பக்கம் மட்டும் திரும்ப விடுங்கள். வாசலுக்கு வெளியே டயரைப் புகையவிடுபவர்களையும் சைலன்சரை அலறவிடுபவர்களையும் கட்டுப்படுத்த மூத்த மார்ஷல் இருவர் நிற்கட்டும். அக்கம்பக்கத்தார் புகார் செய்வது பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான்.

படி 10: மறுநாள்

குப்பை அள்ளிய பிறகு காந்தக் கோலால் தரையைத் தடவி ஆணி, போல்ட்டுகளைப் பொறுக்குங்கள். நில உரிமையாளரோடு சுற்றி நடந்து, புகைப்படம் எடுத்து, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு வாரத்துக்குள் குழு கூடி, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை வாசலில் எண்ணிய எண்ணிக்கை, பதிவு செய்தும் வராதவர்கள், தீர்ந்துபோன பொருள், மிஞ்சிய பொருள், ஒவ்வொரு சப்ளையரின் உண்மையான பில் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள். அடுத்த ஆண்டு வாசலுக்கு எத்தனை வரிசை என்பதை அந்த அரை மணி நேர எண்ணிக்கையை வைத்தே முடிவு செய்யலாம். கோப்பின் ஒரு நகல் குழுவில் இரண்டாவது ஒருவரிடமும் இருக்கட்டும். வைப்புத்தொகையைத் திரும்ப வாங்கும் அதே சந்திப்பிலேயே அடுத்த ஆண்டின் நவம்பர் முதல் ஞாயிறுக்கு இடத்தைப் பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள்.