வளர்ப்புப் பாம்புக்கு உங்கள் வாசத்தைப் பழக்குவது எப்படி?

எங்கள் தோட்டத்துக் காங்கேயம் பசு, அப்பத்தாவின் காலடிச் சத்தம் கேட்டாலே தலையைத் திருப்பிப் பார்க்கும். “உன் பாம்பு அப்படிப் பார்க்குமா கண்ணு?” என்று அவர் ஒருநாள் கேட்டார். பார்க்காது. ஆனாலும் என் கையையும் மற்றவர் கையையும் அது ஒன்றுபோல நினைப்பதில்லை. முகத்தை வைத்து அல்ல, வாசத்தை வைத்துத்தான் அந்த வேறுபாடு அதற்குத் தெரிகிறது.

தொடங்கும் முன் ஒன்று. வரப்பில் பிடிபட்ட சாரையையோ நல்லபாம்பையோ வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குத்தான் தகவல் சொல்ல வேண்டும். நான் வளர்ப்பது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சிறு மலைப்பாம்பு. இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களை அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

முதல் படி, தொடாமல் இருப்பது. புதிதாக வந்த பாம்பை ஒரு வாரமாவது கையில் எடுக்காதீர்கள். ஒளிந்துகொள்ள இடமும் தண்ணீரும் கொடுங்கள். கூண்டின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ் சூடு இருக்கட்டும். மறுபக்கம் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கட்டும். மார்கழிப் பனியில் நம் ஊர் இரவுச் சூடு இதற்குப் போதாது. உடல் குளிர்ந்தால் இரை செரிக்காது.

அடுத்து வாசம். நீங்கள் ஒருநாள் தோளில் போட்டிருந்த பருத்தித் துண்டை அதன் ஒளிவிடத்துக்கு அருகில் வையுங்கள். பாம்பு நாக்கை நீட்டும்போது காற்றிலும் பொருளிலும் உள்ள வாசத் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே இழுத்ததும் அவை மேல் அண்ணத்தில் இருக்கும், வாசத்தை உணரும் ஜேக்கப்சன் உறுப்புக்குப் போய்ச் சேர்கின்றன. நாக்கு பிளவுபட்டிருப்பதால் வாசம் வலப்பக்கம் கூடுதலா, இடப்பக்கம் கூடுதலா என்பதும் அதற்குத் தெரியும். இந்த வாசம் வந்தால் தீங்கு வருவதில்லை என்று அது பழகுவதைத்தான் நாம் ‘அடையாளம் தெரிகிறது’ என்கிறோம். அதைப் பாசம் என்று நான் சொல்லமாட்டேன்.

கைவைக்கும் படியில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்; நானும் தவறினேன். இரைக்கான எலியை எடுத்த கையைக் கழுவாமல் உள்ளே விட்டேன், கடித்தது. இந்த இனத்தின் உதட்டோரக் குழிகள் உடல் சூட்டை உணரக்கூடியவை. சூடும் எலி வாசமும் சேர்ந்து வந்தால் அதற்கு அது எலிதான். ஆகவே இரையை நீண்ட இடுக்கியால் கொடுங்கள். தொடும் முன் மணமில்லாத ஒரே சோப்பால் கழுவுங்கள். கையை மேலிருந்து இறக்காதீர்கள், பருந்து வருவது அப்படித்தான். பக்கவாட்டில் கொண்டுபோய் நடு உடலைத் தாங்கித் தூக்குங்கள். முதலில் ஐந்து நிமிடம், போகப்போகப் பதினைந்து நிமிடம். இரை தின்ற பின் இரண்டு நாள் தொடக் கூடாது. சட்டை உரிப்பதற்கு முன் கண் பால்போல மங்கும், அப்போதும் விட்டுவிடுங்கள். எடுத்து வைத்தபின் மறக்காமல் கை கழுவுங்கள், பாம்பின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

பழகிவிட்டதா என்று பார்க்க, உங்கள் கையை ஒருநாளும் வீட்டில் வேறொருவர் கையை இன்னொருநாளும் அதே தூரத்தில் வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை நாக்கை நீட்டுகிறது என்று எண்ணுங்கள். பல நாள் எண்ணிக் குறித்து, இரண்டு கைக்கும் எண்ணிக்கை தொடர்ந்து வேறுபட்டால்தான் எதுவும் சொல்ல முடியும். கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்தால் உடனே நிறுத்துங்கள்.

தை மாதம் மஞ்சள் வேகவைத்த நாட்களில் எத்தனை கழுவியும் என் கையில் அந்த மணம் போகவில்லை. பழகிய பாம்பு என் விரலருகே வந்து, நாக்கை விடாமல் நீட்டிவிட்டுத் தலையை உடலுக்குள் புதைத்துச் சுருண்டது. வற்புறுத்தாமல் மூடிவைத்தேன். நான்காம் நாள் மணம் போனபின் மணிக்கட்டில் இரண்டு முறை நாக்கை வைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சட்டைக் கைக்குள் ஏறிக்கொண்டது.