ஆன்டிஜென் மீட்புக்கான சிட்ரேட் தாங்கல் கரைசல்: தயாரிப்பும் பயன்பாடும்

ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவில் புரதங்களுக்கிடையே உண்டாகும் குறுக்குப் பிணைப்புகள் ஆன்டிஜெனை (எதிர்ப்பொருள் தேடிப் பற்றும் மூலக்கூறை) மறைத்துவிடுவதால், எதிர்ப்பொருள் கொண்டு சாயமேற்றுமுன் சிலைடைச் சூடான தாங்கல் கரைசலில் (அமில, கார அளவான பி.எச். எளிதில் மாறாத கரைசலில்) வைத்தெடுக்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பெரிதும் பயன்படுவது 10 மில்லிமோலார் செறிவும் 6.0 பி.எச். மதிப்பும் கொண்ட சிட்ரேட் கரைசலாகும். சிட்ரிக் அமிலத்தின் மூன்று பி.கே.ஏ. மதிப்புகளும் (அமிலம் தன் ஹைட்ரஜன் அயனி ஒவ்வொன்றையும் பாதியளவு விட்டிருக்கும் பி.எச்.; ஏறத்தாழ 3.1, 4.8, 6.4) நெருங்கி அமைந்திருப்பதால், பி.எச். 3 முதல் 6.2 வரை அது இடைவெளியின்றித் தாங்கும். டிரிஸ் என்ற மற்றொரு தாங்கல் கரைசலைப் போலன்றி, சூடாக்கும்போது இதன் பி.எச். அதிகம் நகர்வதில்லை என்பதும் இங்கே பெரிய வசதி.

எடை போடுமுன் புட்டியின் லேபிளைப் படியுங்கள். ஒரு லிட்டர் 0.1 மோலார் சிட்ரிக் அமிலத்துக்கு, ஒற்றை நீரேற்று வடிவமாயின் 21.01 கிராமும், நீரற்ற வடிவமாயின் 19.21 கிராமும் தேவை. இரண்டையும் மாற்றி எடுத்தால் செறிவு ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு பிசகிவிடும். மற்றொரு குடுவையில் 29.41 கிராம் ட்ரைசோடியம் சிட்ரேட் இருநீரேற்றைக் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். அமிலக் கரைசலில் 18 மில்லியும் உப்புக் கரைசலில் 82 மில்லியும் சேர்த்து, காய்ச்சி வடித்த நீரால் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நிரப்பி, பி.எச். மீட்டரில் சரிபார்த்த பிறகே அளவுக் கோடுவரை நீர் ஊற்ற வேண்டும். செறிந்த கரைசலில் 6.0 என்று சரிசெய்துவிட்டுப் பின்னர் நீர்த்தால் மதிப்பு மேலேறிவிடும் என்பதால், சரிபார்ப்பு நீர்த்த நிலையில்தான் நடக்க வேண்டும். விரும்பினால் இறுதியில் அரை மில்லி டுவீன் 20 (சோப்புப் போன்ற பரப்பு இழுவிசை குறைப்பான்) சேர்க்கலாம். அது பிசுபிசுப்பானது, பிப்பெட்டின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே மெதுவாக உறிஞ்சி மெதுவாக விடுங்கள்.

பாரஃபின் நீக்கிய சிலைடுகளை 95 முதல் 100 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வைத்து, அதே கரைசலிலேயே மேலும் 20 நிமிடம் ஆறவிடுவது வழக்கம். சிலைடுகள் ஒருபோதும் கரைசல் மட்டத்துக்கு வெளியே காயக் கூடாது.

சிட்ரேட் பூஞ்சைக்கு நல்ல உணவு என்பதால் புட்டியைக் குளிர்பெட்டியில் வையுங்கள். கலங்கலோ இழையோ தென்பட்டால் கொட்டிவிடுங்கள். சிட்ரேட் கால்சியம் அயனியை இறுகப் பற்றிக்கொள்ளும். இரத்தம் உறைதல் சோதனைக் குழாய்களில் 3.2 விழுக்காடு சோடியம் சிட்ரேட் பயன்படுவது இப்பண்பினால்தான். கால்சியத்தை நம்பி இயங்கும் நொதிகளின் சோதனைக்கு வேறு தாங்கல் கரைசலைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.