எட்டு வயதில் அகாடமி: பெற்றோர் வழுக்கி விழும் இடங்கள்

2011-இல் நெதர்லாந்தின் விவிவி வென்லோ கால்பந்து கிளப், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றுக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டது. பொம்மைப் பெட்டிக்குள் மூன்று பந்துகளை அடுத்தடுத்து உதைத்துப் போட்ட அந்தக் குழந்தையின் வீடியோ யூடியூபில் பரவியிருந்தது. ஒப்பந்தம் சும்மா பெயருக்குத்தான், கிளப்பும் அதை மறைக்கவில்லை. ஆனாலும் செய்தியைப் படித்துவிட்டுத் தன் வீட்டுத் தொட்டிலைத் திரும்பிப் பார்த்த அப்பாக்கள் எத்தனை பேரோ.

நான் லண்டனில் இருக்கிறேன். என் அக்கா மகன் எட்டு வயதில் ஒரு பெரிய கால்பந்து கிளப்பின் அகாடமிக்குள், அதாவது சிறுவர்களை வளர்த்தெடுக்கும் பயிற்சிப் பிரிவுக்குள் போய், பத்து வயதில் வெளியே வந்தவன். அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் செய்த தவறுகளும், மைதான ஓரத்தில் நின்று பார்த்த மற்றவர்களின் தவறுகளும்தான் இங்கே இருக்கின்றன.

முதல் தவறு, கையெழுத்தை வேலை கிடைத்த மாதிரி எண்ணிக்கொள்வது. இங்கிலாந்தில் பெரிய கிளப்புகளின் ஸ்கவுட்டுகள் (திறமை தேடி வரும் ஆட்கள்) ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளையே ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் வந்து பார்ப்பார்கள். பிடித்திருந்தால் 'ப்ரீ அகாடமி'க்கு அழைப்பு வரும். முறையான பதிவு ஒன்பது வயதுக்குட்பட்டோர் அணியில்தான் தொடங்கும், அதுவும் ஒரே ஒரு வருடத்துக்கு. வருட முடிவில் வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் கிளப்பின் விருப்பம். சின்னப் பிள்ளை ஒருவனைச் சேர்ப்பதில் கிளப்புக்குப் பெரிய செலவில்லை என்பதால் நிறையப் பேரைச் சேர்த்துப் பார்க்கும். நம் வீட்டிலோ ஒரே பிள்ளை. எங்கள் அத்தான் பதிவுப் படிவத்தைப் படம் எடுத்து உறவுக்காரர் வாட்ஸ்அப் குழு அத்தனையிலும் போட்டார். 'குட்டி மெஸ்ஸி' என்று பதில் வந்தது. பையனும் அதைப் படித்தான். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

மெஸ்ஸி என்றதும் நினைவுக்கு வருகிறது. அவர் பார்சிலோனாவுக்குப் போனது 2000-இல், 13 வயதில். அந்தக் கதையை வைத்துக்கொண்டு 'பிள்ளையை வெளிநாட்டு கிளப்பில் சேர்த்துவிடலாம்' என்று சென்னையிலிருந்து கேட்பவர்களும் உண்டு. இன்றைய விதி வேறு. 18 வயதுக்குக் கீழே நாடு விட்டு நாடு மாற்றிப் பதிவு செய்வதை ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பதில்லை. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்திருந்தால் விலக்கு உண்டு, வேறு சில விலக்குகளும் உண்டு. இந்த விதியை மீறியதற்காக 2014-இல் பார்சிலோனாவுக்கே, ஆட்டக்காரர்களை மாற்றிப் பதிவு செய்யும் காலகட்டங்கள் இரண்டில் புதியவர்களைச் சேர்க்கத் தடை விழுந்தது. அங்கே வளர்ந்துகொண்டிருந்த ஜப்பானியச் சிறுவன் தகெஃபுசா குபோ அதன் தொடர்ச்சியாக ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஆகவே 'ஐரோப்பாவில் ட்ரையல், இத்தனை லட்சம்' என்று யாராவது வந்தால், இந்த விதிக்கு என்ன பதில் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

பணம் பற்றி இன்னொன்று. பெரிய கிளப்பின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு மாதக் கட்டணம் வாங்கும் பயிற்சி வகுப்புகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. நல்லவையும் உண்டு, ஆனால் அது அகாடமி இல்லை. பிள்ளை அங்கே போவதை 'கிளப்பில் ஆடுகிறான்' என்று சொல்லித் திரிய வேண்டாம். அப்புறம் ஏஜென்ட். இங்கிலாந்தில் ஒரு பையன் 16 வயதை எட்டும் ஆண்டுக்கு முன்னால் எந்த ஏஜென்ட்டும் அவனோடு ஒப்பந்தம் போட முடியாது. பத்து வயதுப் பிள்ளையின் அப்பாவுக்குக் காபி வாங்கித் தருபவர் எதற்கு வாங்கித் தருகிறார்?

அடுத்து, நானே விழுந்த குழி: உயரத்தைத் திறமை என்று நினைத்தது. இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டம்பர் 1-ஐ வைத்துத்தான். செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்ட்டில் பிறந்தவனும் ஒரே அணி. எட்டு வயதில் ஒரு வருட வித்தியாசம் என்பது ஆயுளில் எட்டில் ஒரு பங்கு. மூத்தவன் உயரமாக இருப்பான், வேகமாக ஓடுவான், பந்தைத் தோளால் தள்ளிப் பறிப்பான். ஸ்கவுட்டின் கண் அவன் மேல் விழும். அகாடமிகளில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் பிள்ளைகள் அதிகமாக இருப்பது பல காலமாகத் தெரிந்த சங்கதி. எங்கள் பையன் அக்டோபர். அவனிடம் என்னவோ இருக்கிறது என்று நாங்கள் நம்பியதில் பாதி அந்தப் பிறந்த தேதிதான் என்பது, பத்து வயதில் மற்றவர்கள் வளர்ந்து எட்டிப் பிடித்தபோதுதான் புரிந்தது.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். ஹாரி கேன் ஜூலையில் பிறந்தவர். ஆர்சனல் அவரை ஒரு சீசன் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டது. 2004-இல் டாட்டன்ஹாமில் சேர்ந்தவர் பின்னாளில் அந்த கிளப்புக்கும் இங்கிலாந்துக்கும் அதிக கோல் அடித்தவரானார். ஜேமி வார்டியை ஷெஃபீல்டு வென்ஸ்டே 'குள்ளம்' என்று கழித்தது. தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டே கீழ்மட்ட லீக்குகளில் ஆடி, 2012-இல் லெஸ்டருக்கு வந்து, 2016-இல் பிரீமியர் லீக் சாம்பியன் ஆனார். நம்மவர்களில், வேல்ஸில் வளர்ந்த விமல் யோகநாதன் லிவர்பூல் அகாடமியில் சிறுவனாக இருந்துவிட்டு, பிறகு பார்ன்ஸ்லியில் தொழில்முறை ஆட்டக்காரரானார். இவர்களைக் காட்டி 'நீயும் வருவாய்' என்று பிள்ளையை ஏமாற்றாதீர்கள், திரும்பி வராதவர்கள்தான் மிக மிக அதிகம். சின்ன வயதில் எந்தக் கோச்சாலும் ஆளைச் சரியாக எடைபோட முடியாது என்பதற்கு மட்டும் இவர்கள் சாட்சி.

வலியை அலட்சியம் செய்வது அடுத்தது. பெரிய அகாடமிகளில் ஒன்பது வயதிலேயே வாரத்துக்கு நாலு மணி நேரம் பயிற்சி, பதினொன்றுக்குள் அது எட்டு வரை போகும். வளரும் எலும்பின் நுனி இன்னும் குருத்தாகத்தான் இருக்கும். குதிகால் வலி, முழங்காலுக்குக் கீழே புடைப்பும் வலியும் இந்த வயதில் சகஜம். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் 'சொன்னால் டீமில் எடுக்க மாட்டார்கள்' என்று பிள்ளையே மறைப்பான். எங்கள் வீட்டில், மாடிப்படி இறங்கும்போது அவன் ஒரு காலைப் பக்கவாட்டில் வைத்து இறங்குவதைப் பார்த்து அம்மம்மாதான் கண்டுபிடித்தார். தலையால் பந்தை முட்டும் பயிற்சியும் இந்த வயதுக்கு வேண்டாம். தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2020-இலேயே வழிகாட்டுதல் தந்துவிட்டது.

ஓரத்தில் நின்று கத்துவதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கத்தாதீர்கள். கோச் 'பாஸ்' என்கிறார், அப்பா 'நீயே அடிடா' என்கிறார், நடுவில் பந்து போய்விடுகிறது.

அகாடமிக்காக மற்றதையெல்லாம் அறுத்துவிடுவதுதான் எனக்கு இன்றும் உறுத்துவது. பதிவு செய்த பிள்ளை பொதுவாக வேறு கிளப்புக்கு ஆட முடியாது, ஆகவே பழைய ஞாயிறு அணி போயிற்று. நீச்சலையும் தமிழ்ப்பள்ளியையும் நிறுத்தியது விதியல்ல, நாங்கள். நார்வேயில், நட்சத்திர ஆட்டக்காரர் எர்லிங் ஹாலாண்ட் வளர்ந்த பிரூனே ஊரில் சுமார் 40 பிள்ளைகளை 16 வயது வரை யாரையும் கழிக்காமல் ஒன்றாகவே ஆட விட்டார்கள். லண்டனில் அப்படி ஒரு கிளப் கிடைப்பது கஷ்டம். ஆனால் பழைய அணியின் பிறந்தநாள் விழாக்களுக்காவது அவனை நாங்கள் அனுப்பியிருக்கலாம்.

கடைசியில் 'இல்லை' என்ற பதில் வரும் நாளுக்கு எதுவும் தயார் செய்யாமல் இருப்பது. அன்று அத்தான் காரில் பேசவே இல்லை. நான் பின்சீட்டில் பையனோடு இருந்தேன். சின்னம் போட்ட ஜாக்கெட்டின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே வந்தவன், வீட்டுக்குப் பக்கத்துச் சிக்னலில், "மாமா, இதைத் திருப்பிக் கொடுக்கணுமா?" என்றான்.

தெரியாது என்றேன். மறுநாள் கேட்டுச் சொன்னார்கள், வேண்டாமாம். அதற்குள் அவன் அதைக் கழற்றி மடித்து, வாசல் பக்கத்தில் ஒரு பையில் வைத்திருந்தான்.