குண்டு பல்பை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டியவர்களில் சிலர், வெளிச்சம் போதவில்லை என்றும் சொன்ன காலம் உழைக்கவில்லை என்றும் குறைபடுவதுண்டு. பல்பே மட்டமாக இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் பல நேரங்களில் குறை நாம் தேர்ந்தெடுத்த விதத்திலும் மாட்டிய இடத்திலும்தான் இருக்கிறது.

வாட்டை மட்டும் பார்த்து வாங்குவது முதல் தவறு. வாட் என்பது பல்பு இழுக்கும் மின்திறனைச் சொல்லுமே தவிர, தரும் வெளிச்சத்தைச் சொல்லாது. வெளிச்சத்தின் அளவு லூமென். 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்துக்கு ஏறத்தாழ 800 லூமென் வேண்டும், அதை 8 அல்லது 9 வாட் எல்இடியே தந்துவிடும். பல்பின் அட்டைப் பெட்டியில், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணையும் பார்க்க வேண்டும். 2700 கெல்வின் என்றால் குண்டு பல்பின் மஞ்சள் ஒளி. 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. இதைக் கவனிக்காமல் படுக்கையறைக்கு 6500 வாங்கி மாட்டிய நான், ஒரே வாரத்தில் அதைக் கழற்றிச் சமையலறைக்கு மாற்றினேன்.

எனக்கு மிகப் பெரிதாகப் படும் தவறு வெப்பத்தை மறப்பது. குண்டு பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளிவிடும் என்றாலும், அந்தச் சூட்டைத் தாங்கும்படியே செய்யப்பட்டது. எல்இடி அவ்வளவு சூடாவதில்லை. ஆனால் அதன் அடிப்பகுதியில் உள்ள மின்சுற்று சூட்டைத் தாங்காது. காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் நான் மாட்டிய பல்பு ஓராண்டுகூட நிற்கவில்லை; கழற்றிப் பார்த்தபோது அதன் வெள்ளைக் கழுத்து பழுப்பேறியிருந்தது. மூடிய விளக்குகளுக்கு ஏற்றது என்று அட்டையில் குறித்திருக்கும் பல்பையே அங்கே போட வேண்டும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருக்கும் இடத்தில் சாதாரண எல்இடியைப் போட்டால் அது சிமிட்டும், சில நேரம் இரையும். டிம்மருக்கு உகந்த பல்பு தனியே கிடைக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக ஒளிர்ந்தால், சுவிட்சில் உள்ள சிறு அடையாள விளக்கின் (இண்டிகேட்டர்) வழியே கசியும் மின்சாரம் காரணமாக இருக்கலாம்.

பழைய சிஎஃப்எல் பல்புகளை (வளைந்த குழாய் வடிவில் இருக்கும் சிறு ஒளிர்குழல் விளக்குகளை) எடுத்துவிட்டு எல்இடி போடுபவர்கள் அவற்றைக் குப்பையோடு எறிந்துவிடக் கூடாது, ஏனெனில் அவற்றுள் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. கைதவறி உடைந்துவிட்டால், சன்னலைத் திறந்து வைத்துச் சிறிது நேரம் வெளியேறிவிட்டு, பின்னர் துண்டுகளைத் தடித்த அட்டையால் வழித்தெடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட வேண்டும்; துடைப்பத்தால் பெருக்கினால் பாதரசம் அறை முழுவதும் பரவிவிடும்.