கோச்சாக இங்கிலாந்து போகிறீர்களா? விசாவில் இந்தத் தவறுகள் வேண்டாம்

ஏப்ரலில் இங்கிலாந்து கிரிக்கெட் கிளப் சீசன் தொடங்கும். அதற்குப் பல மாதம் முன்பே இங்கே லீக் ஆடுகிறவர்களின் போனுக்கு அழைப்பு வந்துவிடும். "சனிக்கிழமை மேட்ச் ஆடுங்க, வாரத்துல ரெண்டு நாள் சின்னப் பசங்களுக்கு நெட்ஸ் பார்த்துக்கோங்க, தங்குற இடமும் டிக்கெட்டும் எங்க பொறுப்பு." சம்பளம் என்ற பேச்சே இருக்காது. காசு வாங்காதபோது விசிட்டர் விசா போதுமே என்று கிளம்பிவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான தவறு வேறு இல்லை.

பிரிட்டிஷ் குடிவரவு விதிகள் சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை. எந்த மட்டத்திலும் கோச்சாக வேலை செய்தால், சில குறுகிய விதிவிலக்குகள் தவிர, அது தொழில்முறைக் கணக்குதான். இலவசமாகச் செய்தாலும் அப்படியே. தங்குமிடமும் டிக்கெட்டும் ஊதியமாகவே எடுத்துக்கொள்ளப்படும். கடந்த இரண்டு வருடத்துக்குள் மாநில அணிக்கு ஆடியிருந்தாலும் போதும், 17 வயதுக்குட்பட்டோர் அணி தொடங்கி எல்லாமே இதில் சேரும். வாய்ப்பு தேடித்தர ஏஜென்ட் வைத்திருப்பதும் அப்படித்தான். ஆக, போன வருடம் தமிழ்நாடு அண்டர்-19 ஆடிய பையன் விசிட்டர் விசாவில் போய் ஒரு கிராமத்து கிளப்புக்கு ஆடுவதே விதிமீறல். விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால், கிளப்போடு பேசிய வாட்ஸ்அப் உங்கள் போனிலேயே இருக்கும். ஸ்கோர்கார்டு பிளே-கிரிக்கெட் தளத்தில் யார் பார்த்தாலும் தெரியும்.

சரியான வழி, 2021 அக்டோபர் 11 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேச விளையாட்டு வீரர் விசா. கோச்சுகளுக்கும் இதுவேதான். விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு வேலை முடிந்திருக்க வேண்டும். முதலில் அந்த விளையாட்டின் நிர்வாக அமைப்பு உங்களுக்கு ஒப்புதல் தர வேண்டும். கிரிக்கெட்டுக்கு அது இசிபி, அதாவது இங்கிலாந்து, வேல்ஸ் கிரிக்கெட் வாரியம். அதன்பிறகு, ஸ்பான்சர் உரிமம் பெற்ற கிளப் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் தர வேண்டும். 'சிஓஎஸ்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அது கையில் வரும் காகிதம் அல்ல, கணினியில் பதிவாகும் ஒரு எண். கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்காவிட்டால் காலாவதி.

ஒப்புதலில் நம் ஆட்கள் தடுக்கி விழுவது அனுபவச் சான்றில். பத்து வருடம் அகாடமியில் கோச்சிங் கொடுத்திருப்பார், சம்பளம் கையில் வாங்கியிருப்பார், ஒரு கடிதம்கூட இருக்காது. அழைப்பு வந்தபிறகு ஓடினால் பழைய அகாடமியே மூடியிருக்கும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வயதுப் பிள்ளைகளுக்கு, என்ன பொறுப்பில் என்று லெட்டர்ஹெட்டில் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். பிசிசிஐ லெவல் சான்றிதழில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். இனிஷியலை விரித்து எழுதியதில் வரும் குழப்பம் நமக்குப் புதிதல்ல.

லட்சக்கணக்கில் கொடுத்தால் சிஓஎஸ் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் போகவே வேண்டாம். உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலை பிரிட்டிஷ் அரசு தன் இணையதளத்தில் இலவசமாகவே வெளியிடுகிறது. கிளப்பின் பெயர் அதில் இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பொய் ஆவணம் கொடுத்துப் பிடிபட்டால் பத்து வருடம் வரை தடை விழும், அதை அனுபவிக்கப் போவது ஏஜென்ட் அல்ல.

12 மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் ஏ1 என்ற அடிப்படை அளவில் ஆங்கிலத் தேர்வு வேண்டும். சாதாரண ஐஇஎல்டிஎஸ் எழுதிவிட்டுப் பணத்தை விடுகிறவர்கள் உண்டு. யுகேவிஐ (பிரிட்டிஷ் விசா, குடிவரவுத் துறை) என்று குறிப்பிட்ட தேர்வுதான் செல்லும். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் காசநோய்ப் பரிசோதனை. அதைப் பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும், குடும்ப டாக்டரின் சான்று எடுபடாது. செலவுக்கு கிளப் பொறுப்பேற்காவிட்டால் 1,270 பவுண்டு தொடர்ந்து 28 நாள் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் மாமாவிடம் கைமாற்று வாங்கிப் போட்டால் நிராகரிப்புதான். ஆறு மாதத்தைத் தாண்டும் விசாவுக்கு, பெரியவர் ஒருவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணமும் முன்கூட்டியே கட்ட வேண்டியிருப்பதால், குடும்பத்தோடு போகிறவர்கள் கிளப்போடு சம்பளம் பேசும்போதே இதையும் பேசிவிடுவது நல்லது.

போய்ச் சேர்ந்தபிறகு சொந்தமாக அகாடமி தொடங்கும் ஆசை பலருக்கு வரும். இந்த விசாவில் தொழில் தொடங்கவோ நடத்தவோ அனுமதி இல்லை. வேறு கிளப்புக்கு மாறுவதானால் புதிய ஒப்புதல், புதிய சிஓஎஸ், புதிய விண்ணப்பம் என்று முதலிலிருந்து போக வேண்டும்.